சுவரில் ஒரு மணி நேரம் இருந்த கீசர்

அன்றைக்குப் பம்பாயில், எங்கள் செம்பூர் வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டு ஓனர். பில்டிங் செக்ரட்டரி. கையில் ஸ்குரூ டிரைவரோடு எலெக்ட்ரீஷியன். எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்தவள். மறைப்புக்காகக் கட்டியிருந்த சேலைக்குப் பின்னால் என் மகள். அவள் மடியில், பிறந்து இருபத்திரண்டு நாளான என் பேத்தி. பிறகு நான். என் கணவர் மாட்டுங்காவில், வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையில் இருந்தார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இத்தனை கணக்காகச் சொல்வதற்குக் காரணம், இந்த ஏழு பேரை நான் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். செக்ரட்டரி மட்டும் வராமல் இருந்திருந்தால்? எலெக்ட்ரீஷியன் பத்து நிமிஷம் முன்னால் கிளம்பியிருந்தால்? எப்படி எண்ணினாலும் கடைசியில் நான் ஒருத்தி அங்கேயேதான் நிற்கிறேன்.

தாராவியில் ஒரே அறையில் பதினெட்டு வருஷம் வாடகைக்கு இருந்தவர்கள் நாங்கள். மகளுக்குத் தாணேயிலிருந்து ஒரு வரன் வந்தபோது, நடுவில் நின்று பேசியவர், "பில்டிங் வீடா இருந்தா பேச்சு சீக்கிரம் முடியும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் செம்பூருக்குப் போனோம். நாலாவது மாடி, ஒரு அறை, ஒரு சமையலறை, உள்ளேயே பாத்ரூம். மாதம் பதினாறாயிரம் வாடகை, எழுபத்தைந்தாயிரம் டெபாசிட். டெபாசிட்டுக்கு என் வளையல் போயிற்று. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதனால் வளையலைப் பற்றி நான் பேசுவதில்லை.

ஓனர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டோம், அவர் என்னைத் தங்கச்சி என்றார். பதினோரு மாச அக்ரிமென்ட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது, வாங்கிப் படித்துப் பார்ப்பதே அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று தோன்றியது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், அதுவும் தமிழில் படித்தவள். அக்ரிமென்ட் இங்கிலீஷில் இருந்தது. என் கணவர் கடைசிப் பக்கத்தை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார். வீட்டோடு என்னென்ன சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்ற லிஸ்ட் அது. ஃபேன் இரண்டு, டியூப்லைட் மூன்று, கீசர் ஒன்று. அந்தக் காகிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். எடுத்துப் பார்க்க அல்ல, தொலையாமல் இருக்க. இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

கீசர் எனக்குப் புதுசு. தாராவியில் மரத்தூளையும் உடைந்த பெட்டிப் பலகையையும் எரித்துத் தண்ணீர் சுடவைத்தவள் நான். இங்கே ஸ்விட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் வெந்நீர். கல்யாணத்துக்கு முன்னால் என் மகள் குளிக்கும்போது நெற்றிப் பொட்டை எடுத்து அந்தக் கீசரின் பக்கவாட்டில்தான் ஒட்டிவைப்பாள். அவள் புகுந்த வீட்டுக்குப் போன பிறகும் ஏழெட்டுப் பொட்டு அங்கே இருந்தது. நான் எடுக்கவில்லை.

ஏப்ரல் மாதம் கீசரில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். மறுநாளே ஒரு ஆளை அனுப்பினார். அவன் கழற்ற, நான் கீழே வாளி பிடித்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். ரிப்பேர் செய்து கொண்டுவருவதாகச் சொல்லி எடுத்துப்போனான். மே மாதம் கேட்டேன்.

"பார்ட்டு கெடைக்கல தங்கச்சி. சொல்லி வச்சிருக்கேன்."

ஜூனில் கேட்டபோது அவர் சிரித்தார். "பம்பாயில என்னம்மா குளிரு? நீங்க என்ன காஷ்மீர்லயா இருக்கிய?"

நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன். பிறகு ராத்திரி முழுக்க, சொல்லாமல் விட்டது உள்ளே அரிக்கும்.

எனக்கு அப்போது வெந்நீர் எதற்கு வேண்டுமென்று அவருக்குத் தெரியும். மகளுக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சம்பந்தி வீட்டில், "எங்க வீட்டுல லிஃப்டு இருக்கு, கீசர் இருக்கு, அங்க என்ன வசதி இருக்குன்னு போற?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் சண்டை போட்டு வந்தாள். மூன்று மாதம் அம்மா வீட்டில்தான் இருப்பேன், அம்மா கையால்தான் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். இதை அவளே என்னிடம் சொன்னாள், பெருமையாக.

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் சும்மா ஒரு வாளி கலந்து வைப்பதல்ல. நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலேயே, இடுப்பிலும் முதுகிலும் ஓங்கி ஊற்ற வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. நாலு வாளியாவது வேண்டும். பிறகு குழந்தைக்குத் தனியாக. தையலைக் கழுவ மூன்று வேளைக்கு வெதுவெதுப்பான தண்ணீர். நொச்சியை என் கணவர் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கி வருவார். இலை வந்துவிடும். தண்ணீர்தான் சுட வேண்டும்.

ஜூலையில் குழந்தை பிறந்தது. நல்ல மழை. அந்த வீட்டின் வடக்குச் சுவரில் மழை பிடித்தால் நீர் ஊறும், கையை வைத்தால் ஐஸ் மாதிரி இருக்கும். காயப்போட்ட குழந்தைத் துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒவ்வொன்றாகக் காய வைத்தேன். காஷ்மீர் வேண்டாம், செம்பூர் போதும் குளிருவதற்கு. பத்தாம் நாளே குழந்தைக்கு நெஞ்சில் கர்கர் என்று சத்தம் வந்தது. டாக்டர், "ஈரம் இல்லாத அறையில் வையுங்கள்" என்றார். இருந்ததே ஒரு அறை.

இட்லிப் பானையிலும் குக்கரிலுமாகத் தண்ணீர் காய்ச்சினேன். முதல் வாளி நிறைந்து இரண்டாவது கொதிப்பதற்குள் முதல் வாளி ஆறிவிடும். மகள் பாத்ரூமில் முக்காலியில் உட்கார்ந்து துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்குவாள். "அம்மா, ஜல்தி" என்பாள், பிறகு, "சரி, சரி, மெதுவா வா, கால்ல கொட்டிக்காத" என்பாள். கொதிக்கிற பானையைத் தூக்கிக்கொண்டு குழந்தை படுத்திருக்கும் பாயைத் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு நாள் தண்ணீர் சுடவைக்கிற கரண்ட் ராடு வாங்கிவந்து வாளியில் போட்டேன். பட்டென்று கரண்ட் போனது. எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, எதிர் வீட்டுக்கும். இரண்டு வீடும் ஒரே ஓனருடையது, ஒரே மீட்டர்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன்.

அவளும் தெற்கத்திக்காரிதான், கடற்கரை ஊர். அவள் கணவருக்குத் தாராவியில் பை தைக்கும் பட்டறை. அவள் இங்கேயே பிறந்து பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். ராடைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பாத்ரூமில் நடுங்கிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தாள். போய், தன் வீட்டு அடுப்பில் தண்ணீரைக் காய வைத்துப் பானையோடு தூக்கி வந்தாள். மீன் குழம்புக்கு வைத்திருந்த அடுப்பு அது. குழம்பு இறக்கிக் கீழே இருந்தது.

"அக்கா, ஒங்க கீசரு எங்க இருக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"ரிப்பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன வாரம் கரண்ட் பில்லு குடுக்க அவரு வீட்டுக்குப் போனேன். பாத்ரூம் கதவு தொறந்து கெடந்துச்சு. அங்க மாட்டியிருக்கு. சைடுல பூராப் பொட்டு. அவரு வீட்டம்மாவுக்கு ஒட்டுப் பொட்டு வைக்கிற பழக்கமே கெடையாது, குங்குமந்தான்."

என் மகள் குளித்துக்கொண்டே கேட்டுச் சிரித்தாள். "அம்மா, என் பொட்டு அண்ணாச்சி வீட்ல குடியிருக்கு. வாடகை வாங்கு." அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

அந்தப் பெண் அதோடு விடவில்லை. சனிக்கிழமை இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒரு வக்கீலிடம் என் அக்ரிமென்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். அரிசி டின்னுக்கு அடியிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கவே எனக்கு ஒரு நாள் ஆயிற்று. வந்து சொன்னாள். லிஸ்டில் இருக்கும் சாமானுக்கும் சேர்த்துத்தான் வாடகை. ரிப்பேர் பார்த்துக் கொடுப்பது ஓனரின் கடமை. எழுத்தில் கேட்க வேண்டும், பதினைந்து நாள் டைம் கொடுக்க வேண்டும். அதற்கப்புறமும் செய்யாவிட்டால் நாமே செய்துகொண்டு, பில்லோடு வாடகையில் கழித்துக் கேட்கலாம். வாயால் கேட்டதெல்லாம் காற்றோடு போய்விடும்.

அன்றைக்குக் குழந்தைக்கு ஆறு நாள். அவள் இங்கிலீஷில் எழுதிய கடிதத்தை என் எதிரே உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டினாள்.

"நல்லாக் கேளுங்கக்கா. 'அக்ரிமென்ட்டுல உள்ள கீசரை நீங்க கழட்டிட்டுப் போயி மூணு மாசமாச்சு. வீட்டுல பச்ச ஒடம்புக்காரியும் கைக்கொழந்தையும் இருக்காங்க. பதினஞ்சு நாளுக்குள்ள மாட்டித் தரணும். இல்லாட்டி நாங்களே மாட்டிட்டு வாடகையில கழிப்போம்.' சரியா? இதுல கூடக் கொறச்சல் எதுவும் இருக்கா?"

"இன்னொரு வாட்டி வாசிளா."

இன்னொரு வாட்டி வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து. நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அவள் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை என்னிடம் கொடுத்தாள். அதுவும் அரிசி டின்னுக்கு அடியில் போனது.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "என்ட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா?" என்றார். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "சரி. போட்டாச்சில்லா? இனிமே மாத்திப் பேசாத. ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்" என்றார். வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர் அவர். கடையில் முதலாளி தம்ளரை வீசினால் பொறுக்கி எடுத்துக் கழுவி வைப்பவர். அவர் இப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் பதினைந்து நாளில் எனக்கு ஓடாத நினைப்பு கிடையாது. ஒரு தடவை புதுப்பித்த அக்ரிமென்ட்டும் செப்டம்பரில் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் கைக்குழந்தையோடு எங்கே போவது? டெபாசிட்டில் கை வைத்துவிட்டால்? மழையில் வீடு காலி பண்ணும்போது சம்பந்தி வீட்டிலிருந்து யாராவது வந்துவிட்டால்? லிஃப்ட் இல்லாத மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் அவர்தான் என்று நினைப்பேன். பால்காரனாக இருக்கும். நடுவில் சிலிண்டர் வேறு தீர்ந்துபோனது. எதிர் வீட்டிலிருந்தே நாலு நாள் வெந்நீர் வந்தது.

அண்ணாச்சியிடமிருந்து பதிலே இல்லை.

இருபத்திரண்டாம் நாள் காலையில் அந்தப் பெண் கீசர் பெட்டியோடும் எலெக்ட்ரீஷியனோடும் வந்தாள். மூன்று லிட்டர் சின்ன கீசர்.

"பதினஞ்சு நாள் நேத்தோட முடிஞ்சுது. நான் காசு குடுத்துட்டேன், நீங்க மெதுவாக் குடுங்க. அடுத்த மாச வாடகையில கழிச்சதும் குடுத்தாலும் சரிதான்" என்றாள்.

பழைய கீசருக்குப் போட்ட தனி ஒயர் அப்படியே இருந்தது. அரை மணி நேர வேலை. ஸ்விட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்ட் போகவில்லை. என் மகள் சேலைக்குப் பின்னாலிருந்து, "ஆயிருச்சா? ஆயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் நொச்சியைக் கொதிக்க வைத்தேன். முதல் வாளி நிரம்ப ஆரம்பித்தது. பாத்ரூம் கண்ணாடியில் ஆவி படிந்தது.

அப்போதுதான் அண்ணாச்சி வந்தார். பின்னால் பில்டிங் செக்ரட்டரி.

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, "பச்சப்பிள்ள இருக்க வீடு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். சேலை அருகே போய் நின்று, "பிள்ளையக் காட்டும்மா" என்றார். மகள் குழந்தையைக் கொஞ்சம் வெளியே நீட்டினாள். அவர் ஐநூறு ரூபாய் நோட்டை மடித்துக் குழந்தையின் கைக்குள் வைத்தார். குழந்தை இறுகப் பிடித்துக்கொண்டது. "கெட்டிக்காரி. வாங்குனத விடமாட்டா" என்றார். எல்லாரும் சிரித்தோம். எதிர் வீட்டுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகுதான் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"தங்கச்சி, இது ஒன் கையெழுத்தா?"

"ஆமா அண்ணாச்சி."

"நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்? போன்ல கூப்பிட்டுச் சொன்னா வரமாட்டனா? வக்கீல் நோட்டீசு மாதிரி தபால்ல அனுப்புத. எம் பொண்டாட்டி தபால்காரன்ட்ட கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கா. என்ன கேஸுன்னு அக்கம்பக்கத்துல கேக்கான்."

எதிர் வீட்டுப் பெண் இடையில் வந்தாள். "அண்ணாச்சி, போன்லதான மூணு மாசமாக் கேட்டாங்க. கீசரு ஒங்க வீட்டுல..."

"நீ இரும்மா. ஒன் வீட்டுக்கு அப்புறமா வாரேன்."

செக்ரட்டரிக்குத் தமிழ் தெரியாது. பாத்ரூம் சுவரைக் காட்டி, "ஆன்ட்டி, யே கிஸ்னே லகாயா? பர்மிஷன்?" என்றார். யார் மாட்டியது, அனுமதி உண்டா என்கிறார். வாடகைக்கு இருப்பவர்கள் சொந்தமாக எதையும் மாட்டினால் சொசைட்டியில் மறு அக்ரிமென்ட்டுக்குக் கையெழுத்துப் போடமாட்டோம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குக் காதில் நின்றது. செப்டம்பருக்கு ஆறு வாரம்.

அண்ணாச்சி என்னைப் பார்த்துக் குரலை இறக்கினார். "நீ இப்படியெல்லாம் எழுதுத ஆளே கெடையாது. எனக்குத் தெரியும். ஒனக்கு இதுல என்ன எழுதியிருக்குன்னாவது தெரியுமா?"

கதவைத் திறந்து வைத்தது போல இருந்தது அந்தக் கேள்வி. நான் அதற்குள் புகுந்துகொண்டேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது அண்ணாச்சி. ஏழாங் கிளாஸ்தான படிச்சிருக்கேன். இவ போடச் சொன்னா, போட்டேன்."

"அப்ப ஒனக்குக் கொற ஒண்ணும் இல்ல?"

"எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."

எதிர் வீட்டுப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. "அக்கா, ரெண்டு வாட்டி வாசிச்சுக் காட்டுனனே" என்றாள். என்னிடம் கேட்கிற மாதிரி அல்ல, தனக்கே ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி.

செக்ரட்டரி இன்னொன்று கேட்டார், "பஹ்லே இதர் கீசர் தா க்யா?" முன்னால் இங்கே கீசர் இருந்ததா என்று. பாத்ரூம் சுவரில் பழைய கீசர் இருந்த நாலு ஓட்டை எல்லாருக்கும் தெரிகிறது. பழைய ஒயர் தொங்குகிறது. நான் இந்தியில், "மாலூம் நஹி" என்றேன். தெரியாது.

"அம்மா!" என்றாள் மகள், சேலைக்குப் பின்னாலிருந்து. ஒரே தடவைதான்.

எலெக்ட்ரீஷியன் வடக்கத்திப் பையன். அவனுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. "நிகால் தூம் க்யா?" என்று எதிர் வீட்டுப் பெண்ணைக் கேட்டான், கழற்றிவிடவா என்று. அவள் தலையை ஆட்டினாள். மாட்ட அரை மணி, கழற்ற பத்து நிமிஷம். கழற்ற நூறு ரூபாய் தனியாகக் கேட்டான். அதையும் அவள்தான் கொடுத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பாயை மிதிக்காமல் சுற்றி நடந்து போனாள்.

வாளியில் முக்கால் வாசி வெந்நீர் இருந்தது. ஆறுவதற்குள் மகளைக் கூப்பிட்டேன். வரவில்லை. அடுப்பில் நொச்சி கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டேன். குழந்தையின் கையிலிருந்து அந்த ஐநூறு ரூபாயை எடுக்கப்போனபோது, "அத விடு. அவ சம்பாதிச்சது" என்றாள் மகள்.

மறுநாள் மாப்பிள்ளை டாக்ஸியோடு வந்தார். அவள்தான் வரச் சொல்லியிருக்கிறாள். குழந்தைக்கு ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லிக்கொண்டோம். அது பொய்யும் இல்லை. கிளம்பும்போது எதிர் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே போய்ப் பத்து நிமிஷம் இருந்தாள். அந்தப் பத்து நிமிஷமும் நான் குழந்தையை வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றேன். அழுதிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. என்னிடம், "வரேம்மா. காஸ் அணைச்சுட்டியான்னு பாத்துக்க" என்றாள்.

என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்து வடக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கி வந்த நொச்சிக் கட்டு பையிலேயே இருந்தது. "இத என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பரில் எங்கள் அக்ரிமென்ட் புதுப்பிக்கப்பட்டது, ஆயிரத்து ஐநூறு ரூபாய் கூடுதல் வாடகையில். எதிர் வீட்டுக்கு அக்டோபரில் முடிந்தது. அவளுக்குப் புதுப்பிக்கவில்லை. டெபாசிட்டில் பெயிண்ட் செலவு என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். நேரில் கேட்க என்னிடம் முகம் இல்லை. சாமான் ஏற்றிய டெம்போ கிளம்பும்போது நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். மேலே அந்தக் கீசர் பெட்டி இருந்தது. ஒரு தடவை மாட்டிக் கழற்றியதைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை போலிருக்கிறது.

அடுத்த பதினோரு மாதம் முடிந்ததும் எங்களையும் காலி செய்யச் சொன்னார் அண்ணாச்சி. அவர் மகனுக்குக் கல்யாணம், அந்த வீடு வேண்டும் என்றார். சாவியைக் கொடுத்த அன்று லிஸ்டை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஃபேன் இரண்டு இருந்தது. டியூப்லைட் மூன்று இருந்தது. "கீசர் ஒண்ணு" என்று வாசித்து நிறுத்தி, என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் தெரியும். டெபாசிட்டில் நாலாயிரம் பிடித்துக்கொண்டார். இருந்ததா என்று கேட்டபோது தெரியாது என்று செக்ரட்டரி எதிரே சொன்னவள், இப்போது யாரை சாட்சிக்குக் கூப்பிடுவேன்? எனக்காகப் பேசியிருக்கக்கூடிய ஒரே ஆளை நானே டெம்போவில் ஏற்றி அனுப்பியிருந்தேன்.

இப்போது தாராவியிலேயே, முன்பு இருந்த சந்துக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கிறோம். மகளுக்கு இரண்டாவது பிரசவம் போன வருஷம் தாணேயில் அவள் மாமியார் வீட்டில் நடந்தது. தண்ணீர் ஊற்ற என்னை வரச் சொன்னார்கள். போனேன். குழாயைத் திருப்பினால் கொட்டுகிறது வெந்நீர், வாளி வாளியாக. நான் நிறுத்தாமல் ஊற்றினேன். "சூடு போதுமாளா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். முதுகைத்தான் பார்க்க முடிந்தது. எத்தனை வாளி ஊற்றினாலும் அந்த "ம்"முக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்தும் தப்பில்லை. வக்கீல் சொன்னதிலும் தப்பில்லை. காகிதம் எல்லாம் சரியாக இருந்தது, ரசீது இருந்தது, டின்னுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. "ஆமா, தெரிஞ்சுதான் போட்டேன்" என்று மூன்று வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. வீடு எப்படியும் போயிற்று. சொல்லியிருந்தால் அதிகபட்சம் அதே வீடுதான் ஒரு வருஷம் முன்னால் போயிருக்கும்.

எதிர் வீட்டுப் பெண்ணின் நம்பர் என் போனில் இருக்கிறது. பணத்தை அனுப்பிவிடலாம், மகளைக் கேட்டால் போனிலேயே அனுப்பித் தருவாள். முதலில் கையில் இல்லை. பிறகு கையில் இருந்தது, ஆனால் பணம் போய்ச் சேர்ந்ததும் அவள் போன் செய்வாளே, என்ன சொல்வது என்று இருந்தது. போன் செய்யாவிட்டால் அது இன்னும் மோசம் என்றும் இருந்தது. இப்படியே தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறேன். கணக்கு மட்டும் மறக்கவில்லை. கீசர் மூவாயிரத்து நானூறு, பைப் நூற்றைம்பது, மாட்டிய கூலி முந்நூறு, கழற்றிய கூலி நூறு. நான் அவளுக்குத் தர வேண்டியது மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.